மழை பெய்தும் குட்டை நிரம்பவில்லையா? கடைசிச் செடிக்கு நீர் போகவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர்கள் ஆண்டில் மூன்று மாதங்களைத்தான் நம்பியிருக்கிறோம். ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்கழிக்குள் முடிந்துவிடுகிறது. அதுவும் பிரித்துப் பெய்வதில்லை. நாலைந்து கனமழையில் பெரும்பகுதி கொட்டிவிடுகிறது. அந்த நீரைப் பிடித்துவைக்கப் பண்ணைக்குட்டை; பிடித்ததைச் செடியின் காலடியில் சேர்க்கச் சொட்டுநீர்க் குழாய். இரண்டையும் அமைத்துவிட்டு, இரண்டாம் ஆண்டிலேயே "இது நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். முள் மண்டிக் கிடக்கும் அந்தக் குட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. நான் இறங்கிப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் ஒரு நாள் மண்வெட்டி வேலையில் சரியாகக்கூடியவை.

கோளாறு கண்ணில் படும் இடத்திலிருந்து நீர் வந்த வழியே ஒரு படி மேலே போய்ப் பாருங்கள். காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும். செடி வாடினால் சொட்டுவானையும் (குழாயில் நீர் சொட்டும் முனை), சொட்டுவான் அடைத்தால் வடிகட்டியையும், வடிகட்டி ஓயாமல் அடைத்தால் குட்டையில் நீர் எடுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். எதையும் விலைக்கு வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. தேவையான கருவிகள்: சென்டிமீட்டர் குறித்த மூங்கில் கோல், ஒரு வாளி, மில்லிலிட்டர் அளவு போட்ட குவளை, கடிகாரம், ஒரு நோட்டுப் புத்தகம்.

அறிகுறி: நல்ல மழை பெய்தும் குட்டை நிரம்பவில்லை

மழை நின்ற பிறகு போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெய்துகொண்டிருக்கும்போதே போக வேண்டும். இடி மின்னல் இல்லாத மழையில், குடையைப் பிடித்துக்கொண்டு நிலத்தின் மேட்டுப் பக்கத்திலிருந்து நீரோடு சேர்ந்து நடந்து வாருங்கள்.

நீர் குட்டை வரைக்கும் வந்து, உள்ளே இறங்காமல் கரையைச் சுற்றிக்கொண்டு போகிறதா? இதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. பொக்லைன் ஓட்டுகிறவர் தோண்டிய மண்ணை நாலு பக்கமும் கோட்டைச் சுவர்போலக் குவித்துவிட்டுப் போய்விடுகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நீர் வருவதற்கு வாசல் இல்லை. என் குட்டையிலும் முதல் ஆண்டு இப்படித்தான் நடந்தது. கார்த்திகை மாதம் ஒரு கனமழையில் கரைக்கு வெளியே கணுக்கால் அளவு நீர் ஓட, உள்ளே வானத்திலிருந்து விழுந்தது மட்டும் கிடந்தது. மேட்டுப் பக்கக் கரையை ஒரு மீட்டர் அகலத்துக்கு வெட்டித் திறந்து, நீர் இறங்கும் சரிவில் கல் பதியுங்கள். கல் பதிக்காமல் விட்டால் இரண்டே மழையில் அந்த வாசல் ஓடையாக அரித்து, மண்ணெல்லாம் குட்டைக்குள் இறங்கிவிடும்.

நீர் குட்டைப் பக்கமே வரவில்லையென்றால் வரத்துக்காலைப் பாருங்கள். சீமைக்கருவேலம் அடைத்திருக்கலாம், பக்கத்து வரப்பு உயர்ந்திருக்கலாம், புதிதாகப் போட்ட பாதை குறுக்கே நிற்கலாம். ஆனால் ஊருணிக்கோ கண்மாய்க்கோ போகும் வரத்துக்காலை உங்கள் குட்டைக்குத் திருப்பாதீர்கள். அது ஊர் நீர். உங்கள் நிலத்தில் விழுந்து உங்கள் நிலத்தில் ஓடும் நீரைப் பிடிப்பதற்குத்தான் பண்ணைக்குட்டை.

வழியெல்லாம் திறந்திருந்தும் நிரம்பவில்லை என்றால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். மேலே 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர், ஒன்றுக்கு ஒன்று சரிவு (ஒரு மீட்டர் இறங்கினால் ஒரு மீட்டர் உள்ளே வரும் சரிவு) என்று வெட்டிய குட்டை சுமார் 12 லட்சம் லிட்டர் கொள்ளும். பருவத்தில் 400 மி.மீ. பெய்தால் குட்டையின் மேலேயே நேராக விழுவது 3.6 லட்சம் லிட்டர். மீதி எட்டரை லட்சம் நிலத்திலிருந்து ஓடிவர வேண்டும். உழுத மானாவாரி நிலத்தில் மழையில் பத்தில் ஒரு பங்கு ஓடிவருவதாக வைத்துக்கொண்டால் ஓர் ஏக்கர் தருவது 1.6 லட்சம் லிட்டர். ஆக, அந்தக் குட்டைக்கு ஐந்து ஏக்கருக்கு மேல் வரத்து நிலம் வேண்டும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதே அளவில் வெட்டினால் நிரம்பாதது மழையின் குற்றமல்ல. இருக்கிற நிலத்துக்கு ஏற்ற குட்டையைச் சிறிதாகவும் ஆழமாகவும் வெட்டியிருக்க வேண்டும்.

பருவத்தின் முதல் மழைகளை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். கோடை முழுவதும் வெடித்துக் கிடந்த கரிசல், முதல் மழைகளை வெடிப்பு வழியாக அப்படியே குடித்துவிடும். மண் ஊறி, வெடிப்பு மூடிய பிறகுதான் நீர் மேலே ஓடத் தொடங்கும்.

அறிகுறி: நிரம்பியது, ஆனால் வேகமாகக் குறைகிறது

"பூமி குடித்துவிடுகிறது" என்று சொல்லிவிட்டு உடனே தார்ப்பாய் விலை கேட்கப் போகிறார்கள். பூமி குடிக்கிறதா, வெயில் குடிக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு வாளியில் கல் போட்டு, குட்டையின் ஓரத்தில் ஆழம் குறைந்த இடத்தில் அமர்த்துங்கள். வாளிக்குள்ளும் நீர் ஊற்றி, உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருக்கும்படி செய்யுங்கள். மழையில்லாத, மோட்டார் ஓடாத மூன்று நாட்கள் விட்டுப் பாருங்கள். வாளிக்குள் குறைந்தது ஆவியானது. வெளியே அதைவிட எவ்வளவு கூடுதலாகக் குறைந்திருக்கிறதோ அது கசிவு.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் குட்டையில் ஓட்டையில்லை. ஒரு நாளைக்கு 5 மி.மீ. ஆவியானால் 900 சதுர மீட்டர் பரப்பிலிருந்து 4,500 லிட்டர் போகிறது. நீர் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்கும். அப்படியும் 100 நாட்களில் சுமார் நாலு லட்சம் லிட்டர், நிரம்பிய குட்டையில் மூன்றில் ஒரு பங்கு, காற்றில் கலந்துவிடுகிறது. இதற்குத் தார்ப்பாய் மருந்தில்லை. காற்று வரும் பக்கம் கரையை விட்டுத் தள்ளி மரவரிசை வைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், நீரைக் காலத்தில் பயன்படுத்துவது. "கோடைக்கு வைத்துக்கொள்வோம்" என்று கண்ணும் கருத்துமாகக் காத்த நீரில் மூன்றில் ஒரு பங்கு மாசிக்குள் போய்விடும். தையில் பூவும் பிஞ்சுமாக நிற்கும் செடிக்கு ஒரு நனைப்புக் கொடுத்திருந்தால் அது விளைச்சலாகியிருக்கும். மீதமிருக்கும் எட்டு லட்சம் லிட்டர், 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் ஓர் ஏக்கருக்கு நாலு நனைப்பு. எந்த நாலு நாள் என்று இப்போதே முடிவுசெய்யுங்கள்.

வெளியே வாளியைவிட இரண்டு மூன்று மடங்கு குறைகிறது என்றால் கசிவு உண்டு. எங்கே என்று தேடக் குட்டையைக் காலிசெய்ய வேண்டாம். மூங்கில் கோலை நட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் மட்டத்தை எழுதிவாருங்கள். எனக்குத் தெரிந்த செம்மண் குட்டை ஒன்றில் நீர்மட்டம் நாளுக்கு 4 செ.மீ. இறங்கிக்கொண்டே வந்து, அடியிலிருந்து 90 செ.மீ. வந்ததும் 1 செ.மீ. ஆகக் குறைந்தது. நீர் எந்த மட்டத்தில் நிதானப்படுகிறதோ அதற்கு ஒட்டி மேலேதான் ஓட்டை. நீர் வற்றியதும் அந்த உயரத்தில் சுரண்டிப் பார்த்தபோது ஒரு சாண் கனத்துக்குச் சரளைப் படிவு ஒன்று ஓடியது. அந்தப் பட்டையை மட்டும் வெட்டி எடுத்துக் களிமண் அடைத்ததோடு காரியம் முடிந்தது.

மட்டம் எந்த இடத்திலும் நிதானப்படாமல் கடைசிவரை இறங்கினால் அடித்தளமே ஒழுகுகிறது. கண்மாய் வண்டல் இதற்கு நல்ல மருந்து. வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று எடுத்துவரலாம். ஒரே தடவையில் கொட்டிப் பரப்பினால் பிடிக்காது. 15 செ.மீ. பரப்பி, நீர் தெளித்து, கெட்டித்து, அதன்மேல் இன்னொரு 15 செ.மீ. போட வேண்டும். கெட்டிக்க உருளை கிடைக்காவிட்டால் ஆட்டுக்கிடை போடுங்கள். ஈரக் களிமண்ணில் ஆட்டுக் குளம்பு பதிவதற்கு ஈடான கருவியை நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் பலிக்காத சரளை நிலத்துக்குத்தான் தார்ப்பாய். 500 மைக்ரான் கனம் வேண்டும். மேல் ஓரத்தைக் கரையில் வாய்க்கால் தோண்டிப் புதைக்க வேண்டும். விரிக்கும் முன் அடியில் ஒரு கல், ஒரு வேர் இல்லாமல் பொறுக்க வேண்டும். இதையும் மனத்தில் வையுங்கள்: தார்ப்பாய் போட்ட குட்டையில் தவறி விழுந்தவர் ஏற முடியாது. ஈரமான தார்ப்பாயில் கால் நிற்காது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான். நாலு பக்கமும் வேலி போடுங்கள்; முடிச்சுப் போட்ட கயிறுகளைக் கரையில் கட்டி நீருக்குள் தொங்கவிடுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். வேலிக்குக் காசில்லையென்றால் தார்ப்பாயையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

அறிகுறி: கரையின் வெளிப்பக்கம் ஈரமாக இருக்கிறது

கசியும் நீரைக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பதற்றம் வேண்டாம், கவனித்துவந்தால் போதும். கலங்கலாக இருந்தால் நீர் கரை மண்ணைத் தின்றுகொண்டே வருகிறது என்று பொருள். அன்றே குட்டையின் மட்டத்தைக் குறையுங்கள். கசியும் வாயை வெளிப்பக்கம் களிமண்ணால் அடைக்காதீர்கள். நீர் வேறு வழி தேடிப் பெரிதாக உடைத்துவிடும். வெளிப்பக்கம் மணலும் அதன்மேல் சரளையும் போட்டு, நீரை விட்டு மண்ணைத் தடுத்து வையுங்கள். அடைப்பதைக் குட்டைக்குள் இருந்து, களிமண் மூட்டையால் செய்யுங்கள். காரணம் பெரும்பாலும் நண்டு வளை, எலி வளை, அல்லது பட்டுப்போன மரத்தின் வேர் இருந்த பொந்து. கரைமேல் மரம் வளர்க்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

கரை வழிந்து உடைந்தது என்றால் அது கசிவல்ல, கலிங்கு இல்லாத குறை. "நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடை" என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்லும் ராஜசிங்கமங்கலம் கண்மாய் மாதிரி பெரிய நீர்நிலையானாலும், முப்பது மீட்டர் குட்டையானாலும், மிஞ்சிய நீர் போக வழி வேண்டும். கரை உச்சிக்கு அரை மீட்டர் கீழே, கல் பதித்த போக்குவாய் ஒன்று வையுங்கள்.

அறிகுறி: ஆண்டுக்கு ஆண்டு குட்டை மேடாகிறது

வாசலுக்கு முன்னால் ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் வண்டல் குழி வெட்டுங்கள். நீர் அங்கே நின்று, மண்ணை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போகும். ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் குழியை அள்ள வேண்டும். நிரம்பிய குழி இருந்தும் பயனில்லை. குழிக்கு மேலே இரண்டு வரிசை வெட்டிவேர் வைத்தால் அள்ளும் வேலை பாதியாகும். அள்ளிய மண் உங்கள் நிலத்தின் மேல்மண், நீங்கள் போட்ட குப்பையும் எருவும் அதில்தான் இருக்கின்றன. நிலத்துக்கே திருப்பிக் கொடுங்கள்.

அறிகுறி: மோட்டார் ஓடுகிறது, நீர் ஏறவில்லை

உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது என்பதே பத்தில் எட்டு முறை காரணம். நீர் நிரப்பிவிட்டு இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, மோட்டாரை ஓட்டுங்கள். நுரை உள்ளே இழுக்கப்படும் இடத்தில் ஓட்டை. அடுத்து, உறிஞ்சு குழாயின் அடிநுனியில் உள்ள ஃபுட் வால்வு. பாசி, இலை, சில நேரம் ஒரு தவளை. நீர்மட்டத்திலிருந்து மோட்டார் ஆறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தால் ஓட்டை தேட வேண்டாம்; மோட்டாரைக் கீழே இறக்குங்கள்.

அறிகுறி: சொட்டுநீர்க் குழாயின் கடைசியில் நீர் வரவில்லை

கண்ணால் பார்த்து முடிவுசெய்யாமல் அளவெடுங்கள். சொட்டுவானுக்கு அடியில் குவளையை வைத்து, சரியாக 36 விநாடி பிடியுங்கள். மணிக்கு 4 லிட்டர் தர வேண்டிய சொட்டுவான் அந்த நேரத்தில் 40 மி.லி. தர வேண்டும், 2 லிட்டர் சொட்டுவான் 20 மி.லி. நாலு வரிசையைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் தலை, கால்பங்கு, முக்கால்பங்கு, கடைசி என நாலு இடத்தில் பிடித்து எழுதுங்கள். மொத்தம் பதினாறு எண்கள். அரை மணி நேர வேலைதான், ஆனால் கோளாறு எங்கே என்பதை அந்தப் பதினாறு எண்களே காட்டிவிடும்.

எல்லா வரிசையிலும் தலையில் 40, கடைசியில் 20 என்று ஒழுங்காகக் குறைந்தால் அது அடைப்பல்ல, அழுத்தக் குறைவு. ஒரே நேரத்தில் அதிக நிலத்தைத் திறந்துவிட்டிருப்பீர்கள், அல்லது குழாயை அளவுக்கு மீறி நீட்டியிருப்பீர்கள். நிலத்தை இரண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றித் திறங்கள்.

எல்லா எண்ணும் ஒன்றுபோலக் குறைந்தால் வடிகட்டி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளைப் பாருங்கள். வித்தியாசம் அரை கிலோவை (சதுர சென்டிமீட்டருக்கு) தாண்டினால் கழுவியே ஆக வேண்டும். குட்டை நீருக்கு வலை வடிகட்டி மட்டும் போதாது. பாசி அதில் பிசுபிசுத்து அப்பிக்கொள்ளும். முன்னால் மணல் வடிகட்டி வேண்டும். தினமும் கழுவியும் அடைக்கிறது என்றால் வடிகட்டியைத் திட்டாதீர்கள். உறிஞ்சு குழாய் குட்டையின் அடிச்சேற்றில் கிடக்கிறது. ஒரு காலி டிரம்மில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தொங்கும்படி மிதக்கவிடுங்கள். மேலே பாசி, அடியில் சேறு; நடுவில்தான் நல்ல நீர்.

எண்கள் ஒழுங்கில்லாமல் 40, 12, 38, 0 என்று இருந்தால் சொட்டுவான் அடைப்பு. முதலில் ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். அதற்கும் தீராவிட்டால் அடைத்த ஒன்றை வெட்டி, உள்ளே இருப்பதன் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாகக் காரைபோல இருந்தால் சுண்ணாம்பு உப்பு, அதற்கு அமிலம். பச்சையாக வழவழப்பாக இருந்தால் பாசி. அதற்குப் பிளீச்சிங் பவுடர். வெறும் மண்ணாக இருந்தால் இரண்டுமே வேண்டாம், வடிகட்டியைச் சரிசெய்யுங்கள்.

பிளீச்சிங் பவுடரை லிட்டருக்கு 2 கிராம் என்று கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் உரம் கலக்கும் வென்சுரி வழியாக அரை மணி நேரம் செலுத்துங்கள். 24 மணி நேரம் அப்படியே விட்டு, மறுநாள் கடைசி மூடிகளைத் திறந்து கழுவுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமானால் கடைசிச் சொட்டுவானில் வரும் நீரின் அமிலத்தன்மை, சோதனைத் தாளில் 4 காட்டும்வரை செலுத்தி, அதேபோல 24 மணி நேரம் விட வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் நீர், பிறகு அமிலம். ஒருபோதும் மாற்றி ஊற்றாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. சேர்ந்தால் எழும் குளோரின் வாயு மூச்சை நிறுத்திவிடும். இரண்டையும் வெவ்வேறு நாளில், நடுவில் குழாயை நன்றாகக் கழுவிய பிறகு செய்யுங்கள். ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

குழாயில் சின்னச் சின்னப் பல்தடங்களோடு ஓட்டை விழுந்திருந்தால் அது அணில். தாகத்துக்குக் கடிக்கிறது. வரப்பில் அங்கங்கே மண்சட்டியில் நீர் வைத்தால் கடி குறைந்துவிடுகிறது.

அறிகுறி: நீர் சரியாகப் போகிறது, ஆனாலும் செடி வாடுகிறது

உச்சிவெயிலில் துவண்டு மாலையில் நிமிரும் செடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காலையிலும் துவண்டிருந்தால் சொட்டுவானுக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு முழ ஆழம் தோண்டுங்கள். அடிமண்ணைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். உதிர்ந்தால் நீர் வேர்வரை இறங்கவில்லை; தினமும் பத்து நிமிடம் விடுவதைவிட இரண்டு நாளுக்கு ஒருமுறை நெடுநேரம் விடுங்கள். கையில் நீர் ஒட்டி, மண் நாற்றமடித்தால் வேர் மூச்சுத் திணறுகிறது, உடனே நிறுத்துங்கள்.

மண் பதமாக இருந்தும் இலையோரம் கருகி, ஈர வட்டத்தின் விளிம்பில் வெள்ளை பூத்திருந்தால் அது உப்பு. நம் மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. குட்டை நீர் தீர்ந்ததும் அதைத் திறந்துவிடுகிறோம். வரிசையை மாற்றிப் பாருங்கள்: நாற்று நட்டு வேர்பிடிக்கும்வரை மழைநீர் மட்டும், செடி தேறிய பிறகு, வேறு வழியில்லாதபோது உவர்நீரைக் கலந்து விடுங்கள்.

உப்புப் பூத்த நிலத்துக்கு ஆபத்தான நேரம் வெயில் அல்ல, சிறுதூறல். சொட்டுநீர் உப்பையெல்லாம் வட்டத்தின் விளிம்புக்குத் தள்ளிவைத்திருக்கும். கனமழை அதை அடியோடு கழுவி இறக்கிவிடும். ஆனால் பாதியில் நின்றுவிடும் தூறல், விளிம்பில் இருந்த உப்பைக் கரைத்து வேர்ப்பக்கம் கொண்டுவந்து விட்டுவிடும். ஆகவே தூறல் தொடங்கியதும் நான் மோட்டாரைப் போடுகிறேன். வட்டத்துக்குள்ளிருந்து நீர் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் உப்பு உள்ளே வராது. முதல்முறை இதைப் பார்த்த பக்கத்து நிலத்துப் பையன் வரப்பில் நனைந்தபடி ஓடிவந்தான். "மழை பெய்கிறதே அண்ணே, மறந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டீர்களா?" என்றான். வெள்ளை பூத்த விளிம்பு மண்ணைக் கிள்ளி அவன் நாக்கில் வைத்தேன். துப்பிவிட்டு, தன் நிலத்து மோட்டாரைப் போட ஓடினான்.